பழைய கணக்கு, புதிய கிணறு

எண்ணெய் பூமிக்கடியில் குளமாய்க் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறியிருக்கிறது. கிணறு தோண்டிய இடம் தவிர மற்றதை யாரு பார்த்தா? அதனால் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்து, இதுவரை வந்த எண்ணெய், தண்ணீர், அழுத்தக் கணக்கோடு ஒத்துப்போகும்வரை பாறையின் ஊடுருவும் தன்மையை மாற்றிப் பார்க்கிறார்கள். இதுதான் 'ஹிஸ்டரி மேட்சிங்'. வம்பு என்னன்னா, வெவ்வேறு பாறையமைப்பு கொண்ட பல மாடல்கள் அதே பழைய கணக்குக்குப் பொருந்திவிடும். பழைய கேள்வித்தாளை மட்டும் உருப்போட்ட நம்ம ஆளு மாதிரி! எதை நம்பி அடுத்த கிணறு போடுவது?

நார்வே கடற்பகுதியில் 1997-இல் உற்பத்தி தொடங்கிய நோர்னே வயலின் உண்மைக் கணக்குகளை ஸ்டாடாயில் கம்பெனி (இன்றைய எக்வினார்), டிரோன்ஹைமிலுள்ள பல்கலைக்கழகம் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. பாடப்புத்தகக் கணக்கைவிட இதுவே நல்ல பரீட்சை என்பேன். ஒரு தேதிவரை கணக்கு கொடுத்து, பிறகு எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டார்கள். விடை கிணற்றிலிருந்து ஏற்கெனவே வந்தாயிற்று.