பழைய மானிட்டருக்கு டிரைவர் அமைத்தல்

சங்கத்தின் சிட்டாவும் பேரேடும் கணினியில் ஏறிவிட்ட இக்காலத்தில், மானிட்டரில் எழுத்து மங்கினால் அன்றைய பதிவு வேலையே நின்றுவிடுகிறது. உடனே, "இது பழைய மானிட்டர்; இதற்கு டிரைவர் கிடைக்கவில்லை; புதியது வாங்க வேண்டும்" என்று நிர்வாகக் குழுவின் முன் குறிப்பு வைக்கப்படுகிறது. அங்கத்தினர்களின் பணத்தைச் செலவிடுமுன் இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

டிரைவர் எனப்படுவது யாது? கணினியின் கட்டளையை, அதனுடன் இணைக்கப்பட்ட கருவிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லும் மென்பொருளே டிரைவர். பிரிண்டருக்கு இது இன்றியமையாதது. மானிட்டரின் நிலை வேறு. மானிட்டர் டிரைவர் என்ற பெயரில் வருவன பெரும்பாலும் சில சிறு கோப்புகளே. மானிட்டரின் பெயரையும் அது தாங்கும் அளவுகளையும் கூறும் ஐ.என்.எஃப். கோப்பு ஒன்று, வர்ணத்தைச் சீர்செய்யும் ஐ.சி.எம். கோப்பு ஒன்று, இவை மாற்றப்படாதவை என்பதற்குச் சான்றான கையொப்பக் கோப்பு ஒன்று. இவற்றுள் எதுவும் திரையை இயக்குவதில்லை. படத்தை உண்டாக்கி அனுப்புவது கணினியினுள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியாகும். மானிட்டர் டிரைவரை ஓர் அறிமுகச் சீட்டு என்றே கொள்ளலாம்.

அச்சீட்டையும் மானிட்டர் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. 1994-இல் வெஸா என்னும் தர அமைப்பு வகுத்த இ.டி.ஐ.டி. முறைப்படி, 128 பைட் அளவுள்ள விவரத் தொகுதி மானிட்டரில் பதியப்பட்டுள்ளது. வி.ஜி.ஏ. கேபிளின் 15 முனைகளில் 12-ஆவதும் 15-ஆவதும் இவ்விவரத்தைக் கணினிக்கு எடுத்துச் செல்வன. விவரம் சேர்ந்துவிட்டால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் "ஜெனரிக் பி.என்.பி. மானிட்டர்" என்று காணப்படும். கம்பெனியின் பெயர் இல்லையே என்று கவலையுற வேண்டியதில்லை, அவ்வாறே விட்டுவிடலாம். "ஜெனரிக் நான்-பி.என்.பி. மானிட்டர்" என்றிருந்தால், விவரம் வந்து சேரவில்லை என்று பொருள்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், 19 அங்குல மானிட்டர் ஒன்றைக் கழித்துவிடத் தீர்மானம் தயாராக இருந்தது. அத்தகைய சதுரவாட்டுத் திரைகளுக்கு இயல்பான அளவு 1280×1024 புள்ளிகள். அங்கோ 1024×768 மட்டுமே கிடைத்தது. அச்சின் பல்லுக்கும் பாவின் இழைக்கும் பொருத்தம் இல்லையேல் துணி எவ்வாறு அமையும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புள்ளி பொருந்தாத திரையிலும் எழுத்து அவ்வாறே கலங்கும். கேபிளைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு முனை வளைந்திருந்தது. வேறு கேபிள் பூட்டியதும் சரியான அளவு தானே வந்தது. தீர்மானம் கைவிடப்பட்டது.

கேபிள் நன்றாக இருந்தும் குறை தீராவிடில், டிவைஸ் மேனேஜரில் "டிஸ்பிளே அடாப்டர்ஸ்" என்ற தலைப்பைத் திறந்து நோக்குக. அங்கே "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்" என்றிருப்பின், கிராபிக்ஸ் டிரைவர் அமைக்கப்படவில்லை. அதனை விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, கணினியைச் செய்த கம்பெனியின் தளத்திலிருந்தோ பெறலாம். மானிட்டர்மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி இதனைச் சார்ந்ததே என்பது நம் கருத்து.

இவ்விரண்டுக்கும் பிறகே மானிட்டர் டிரைவர். கம்பெனி தந்த கோப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் பெயர்மீது வலது பொத்தானை அழுத்தி "அப்டேட் டிரைவர்" என்பதைத் தெரிவு செய்க. தானாகத் தேடும் வழியை விடுத்து, கணினியிலேயே தேடும் வழியையும், பட்டியலிலிருந்து எடுக்கும் வழியையும் முறையே கொண்டால் "ஹேவ் டிஸ்க்" என்னும் பொத்தான் தோன்றும். அதில் ஐ.என்.எஃப். கோப்பைக் காட்டினால் போதும். கையொப்பம் இல்லையென்று விண்டோஸ் மறுத்தால் வற்புறுத்த வேண்டா. ஜெனரிக் டிரைவரே அவ்வேலையைச் செய்யும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. "எல்லா டிரைவரும் இலவசம்" என்று அழைக்கும் ஊர்பேர் தெரியாத தளங்களையும், டிரைவர் தேடித் தருவதாகக் கூறும் மென்பொருள்களையும் சங்கக் கணினியில் அனுமதித்தல் ஆகாது. பாங்குக் கணக்கின் கடவுச்சொல் தட்டப்படுவதும், அங்கத்தினர் கடன் கணக்கு இருப்பதும் அதே கணினியில்தான். எழுத்து மங்கியதால் வரும் நஷ்டம் ஒரு நாள் வேலை. இதனால் வரும் நஷ்டத்துக்கு அளவு கூற இயலாது.

புதிய கணினியில் வி.ஜி.ஏ. துளை இல்லாவிடில், ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் தேவைப்படும். அதனுள் மின்சுற்று இருத்தல் வேண்டும். வெறும் கம்பியால் இம்மாற்றம் நிகழாது. மலிவான சில கன்வெர்ட்டர்கள் மானிட்டரின் விவரத்தைக் கணினிக்குக் கடத்துவதில்லை. ஆகவே கடையில் பணம் கொடுக்குமுன், சங்கத்தின் மானிட்டரையே கொண்டுசென்று பூட்டிப் பார்த்து, உரிய புள்ளி அளவு பட்டியலில் வருகிறதா என்று காண்பது நலம்.