இறைப்பு இயந்திரத்தின் எண்ணெயும் கிணற்றின் காவலும்

நீர்வேலியில் ஆறு இல்லை. செம்மண்ணின் கீழே கிடக்கும் சுண்ணக்கற் பாறை மழைநீரைத் தன்னுள் வாங்கி வைத்திருக்க, கமக்காரர் அதனைக் கிணற்றின் வழியாக எடுத்து வாழை, மிளகாய், வெங்காயம், மரக்கறி முதலியவற்றை விளைவிக்கின்றனர். நெல்லுக்கு மாரி மழை துணை செய்யும். தோட்டப் பயிருக்குக் கிணறு ஒன்றே துணை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் அச்சுக்குச் சிறிது எண்ணெய் இட்டால் வேலை முடிந்தது. இயந்திரம் வந்தபின் இரண்டு கவலைகள் வந்தன. ஒன்று, இயந்திரம் தேயாது நெடுநாள் ஓடவேண்டும். மற்றது, அதன் எண்ணெய் கிணற்று நீரிற் சேராதிருக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் எண்ணெய் எதனால் ஆயது என்பதை அறிந்திருத்தல் நன்று.

அடியெண்ணெய்

பேணியிலும் கானிலும் விற்கப்படும் இயந்திர எண்ணெய் தனியொரு பொருளன்று. அதில் 100 பங்குக்கு 75 முதல் 90 பங்கு வரையும், சிலவற்றில் அதற்கு மேலும், அடியெண்ணெயாகும். எஞ்சியவை அழுக்கைப் படியவிடாது மிதக்கவைத்தல், அமிலத்தை முறித்தல், தேய்வைக் குறைத்தல் ஆகிய தொழில்களுக்கான சேர்மானங்கள். கறிக்குத் தூள் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமானவை இவை. ஆயினும் பழுதான மீனை எந்தத் தூளும் நல்ல கறியாக்காது.

பெற்றோலியத்தை வடிக்கும்போது பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்பன பிரிந்தபின் எஞ்சும் கனத்த பகுதியிலிருந்தே பெரும்பாலான அடியெண்ணெய்கள் எடுக்கப்படுகின்றன. 1969 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பாலை முக்கியமாக எரிபொருள்களையே தருகின்றது. இலங்கையிற் கலக்கப்படும் இயந்திர எண்ணெய்களுக்கு அடியெண்ணெய் வெளிநாடுகளிலிருந்து வருகின்றது. கடலுக்கு அப்பால், சென்னையை அடுத்த மணலி ஆலையில் எரிபொருளுடன் அடியெண்ணெயும் ஆக்கப்படுகின்றது.

அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் அடியெண்ணெய்களை ஐந்து தொகுதிகளாக வகுத்துள்ளது. முதலாந் தொகுதி கரைப்பான் கொண்டு கழுவப்பெற்ற எண்ணெய். கந்தகமும் மணமுள்ள ஐதரோகாபன்களும் இதில் ஓரளவு எஞ்சியிருக்கும். இரண்டாந் தொகுதியை உயர்ந்த அமுக்கத்தில் ஐதரசனுடன் சேர்த்துத் தூய்மையாக்குவர், கந்தகம் 0.03 வீதத்துக்கு மேற்படாது. மூன்றாந் தொகுதி அம்முறையாலேயே மேலும் கடுமையாகத் திருத்தப்பட்டது. நான்காந் தொகுதி ஆலையிற் சிறு மூலக்கூறுகளைக் கோத்து ஆக்கப்படும் செயற்கை எண்ணெய். இந்நான்கிலும் அடங்காதன எல்லாம் ஐந்தாந் தொகுதி. தாவர எண்ணெய்களும் மின்மாற்றிகளில் ஊற்றும் நப்தீன் வகை எண்ணெயும் இதிற் சேரும். மின்மாற்றி எண்ணெய் மலிவாகக் கிடைத்தாலும் இயந்திரத்தில் இடலாகாது. அது மிக நீர்த்தது. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் நஞ்சுப்பொருளும் இருத்தல் கூடும்.

தொகுதி உயர உயர விலையும் உயரும். சிறிய இறைப்பு இயந்திரத்துக்கு நான்காந் தொகுதி எண்ணெய் வேண்டியதில்லை. உரிய காலத்தில் மாற்றப்படும் முதலாந் தொகுதி எண்ணெய், ஆண்டு முழுவதும் மாற்றாது விடப்பட்ட செயற்கை எண்ணெயிலும் மேலானது.

பிசுக்குமை

எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் தடையே பிசுக்குமை. பனம்பாணி நீரிலும் மெதுவாக ஓடுகின்றதன்றோ? அதே பனம்பாணியை அடுப்பில் வைத்தால் இளகிவிடும். எண்ணெயும் அவ்வாறே. குளிர்ந்திருக்கையிற் கனத்தும், சூட்டில் நீர்த்தும் நிற்கும். அளவு மீறி நீர்த்தால் உலோகங்களுக்கு இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, ஆடுதண்டும் உருளையும் ஒன்றையொன்று உராயும்.

சூட்டினால் ஓர் எண்ணெய் எவ்வளவு மாறும் என்பதைப் பிசுக்குமைச் சுட்டி காட்டும். சுட்டி உயர்ந்தால் மாற்றம் குறைவு. முதலிரண்டு தொகுதிகளிலும் இது 80 முதல் 119 வரை. மூன்றாந் தொகுதியில் 120 அல்லது அதற்கு மேல். கானின் மேல் எஸ்.ஏ.ஈ. என்ற எழுத்துக்களின் அருகே 30 அல்லது 40 என்று மட்டும் இருந்தால், அது 100 பாகைச் சூட்டிலுள்ள கனத்தின் தரம். 15 டபிள்யூ 40 என்றிருந்தால் முதலெண் குளிரில் ஓடும் தரத்தையும் பின்னெண் சூட்டில் நிற்கும் தரத்தையும் குறிக்கும். பனி உறையாத யாழ்ப்பாணத்தில் முதலெண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டியதில்லை. பின்னெண் இயந்திரத்தின் கைந்நூலிற் கூறியவாறு இருத்தல் வேண்டும். அன்றியும், தரக்குறியில் எஸ் என்ற ஆங்கில எழுத்து முன்னின்றால் பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்களுக்கும், சி முன்னின்றால் டீசல் உழவு இயந்திரங்களுக்கும் உரியது. நிறத்தைக்கொண்டு எண்ணெயைத் தெரிவுசெய்தல் பிழையாகும். பழைய எண்ணெயையும் வெளுக்கவைத்து விற்கலாம்.

வீட்டு எண்ணெய்கள்

தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறைந்துவிடும். மார்கழி, தை மாதக் காலைகளில் போத்தலில் அது கட்டியாவதை எல்லோரும் கண்டிருப்பர்; இயந்திரத்தின் உள்ளும் அவ்வாறே ஆகும். ஆமணக்கெண்ணெய் உறைவதில்லை. 40 பாகையில் அதன் பிசுக்குமை தேங்காயெண்ணெயினதிலும் எட்டு ஒன்பது மடங்கு. உலோகத்தில் நன்கு பற்றும்; பெற்றோலில் எளிதிற் கரையாது. ஆதலின் முதலாம் உலகப்போர்க் காலத்து விமான இயந்திரங்கள் பலவற்றுக்கு அதனையே இட்டனர். காஸ்ட்ரோல் என்னும் வணிகப்பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பிறந்தது. ஆனால் சூட்டிலும் காற்றிலும் நெடுநேரம் கிடந்தால் அது ஒட்சியேறிப் பிசினாகிவிடும். நல்லெண்ணெய் இட்ட துவிச்சக்கரவண்டிச் சங்கிலியிற் புழுதி அப்பிக்கொள்வதும் இக்குறையினாலேயே.

ஆயினும் தாவர எண்ணெயை முற்றாகத் தள்ளிவிடலாகாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை விரைவிற் சிதைத்துவிடும். கனிய எண்ணெயை அவ்வளவு எளிதிற் சிதைக்கமாட்டா. எண்ணெய் உள்ளே அடைபட்டு நிற்கும் இடத்துக்குக் கனிய எண்ணெயும், ஒழுகிப் போய்விடும் இடத்துக்குத் தாவர எண்ணெயும் பொருந்தும். கிணற்றின் மேலுள்ள கப்பிக்கும் துலா அச்சுக்கும் ஆமணக்கெண்ணெய் இடுக; அதிற் சொட்டுவது குடிநீரிலேயே விழுகின்றது. நீரில் அமிழ்த்தும் மின்மோட்டர்களிற் சில எண்ணெய் நிரப்பப்பட்டவை. அடைப்பு பழுதானால் அவ்வெண்ணெய் கிணற்றில் இறங்கும். குடிநீர்க் கிணற்றுக்கு நீர் நிரப்பிய வகையை வாங்குதல் நன்று.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம்

பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் இயந்திரங்களில் ஒரு தனித் தீங்கு உண்டு. சூடேறுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் முழுதும் ஆவியாகாது உருளைச் சுவரில் வழிந்து, வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள எண்ணெயிற் கலக்கும். பெற்றோல் அரிதாயிருந்த 1990 ஆம் ஆண்டுகளில், சில துளி பெற்றோலுடன் தொடக்கி உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றிய இயந்திரங்கள் விரைவிற் தேய்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். அளவுகோலைப் பார்த்து "எண்ணெய் குறையவில்லை" என்று மகிழ்வோர் உளர். குறையாதிருப்பதும், சிறிது கூடியிருப்பதும் நல்ல குறியல்ல. முகர்ந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மணம் வீசும். எத்தொகுதி அடியெண்ணெயும் இவ்வாறு நீர்த்தபின் காக்கமாட்டாது. சில நிமிடம் பெற்றோலிலேயே ஓடவிட்டு மாற்றுதலும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்புதலும் இதற்குப் பரிகாரம்.

சிறிய இயந்திரங்களுக்குப் பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுக என்பர்; மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு அதன் முன்னரே மாற்றவேண்டும். கிழமைக்கு இருமுறை, முறைக்கு மூன்று மணி வீதம் இறைத்தால் 17 கிழமையில் 100 மணி கடந்துவிடும். மிளகாய்ப் பயிர் முடியுமுன்னரே அந்நாள் வந்துவிடுகின்றது. ஒருமுறை மாற்ற வேண்டுவது அரை இலீற்றருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெயே.

வடித்த எண்ணெய்

வடித்த எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகளும், எரிதலால் உண்டான தீய ஐதரோகாபன்களும் சேர்ந்திருக்கும். சுண்ணக்கல் வெடிப்புக்களும் பொந்துகளும் நிறைந்தது. மேலே ஊற்றியதைக் கீழே விடாது தடுக்க ஆழமான களிமண் படை இங்கு இல்லை. நீர்வேலிக்கு மேற்கே சில கட்டை தூரத்திலுள்ள சுன்னாகத்தில், மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாயிற்று. சொந்தக் கிணற்றை வைத்துக்கொண்டே மக்கள் குடிநீருக்குத் தாங்கி வண்டியை எதிர்பார்த்து நின்றனர். 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. ஒரு தோட்டத்து எண்ணெய் அவ்வளவு பெரிதன்று. ஆனால் ஒவ்வொரு கிணற்றடியிலும் ஓர் இயந்திரம் நிற்கின்றது.

ஆதலின் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டில் வைக்காது, சற்று விலக்கி, தகரத் தட்டின்மேல் நிறுத்துக. எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்து, மூடியுள்ள கானிற் சேர்த்து, கழிவெண்ணெய் ஏற்கும் வாகனத் திருத்தகத்திற் கொடுக்க. கறையானுக்கென்று வேலித் தூணிற் பூசுதலும், கபிலநிறத் தத்திக்கென்று நெல்வயல் நீரில் விடுதலும் பழக்கத்தில் உள்ளன. தத்தி சில நாளில் மீண்டும் வரலாம். எண்ணெய் மண்ணை விட்டு அவ்வளவு விரைவிற் போகாது.

தவறி எண்ணெய் கிணற்றில் விழுந்துவிட்டால் உடனே இறைப்பை நிறுத்தவேண்டும்; இறைத்தால் மேலே மிதப்பது நீருடன் கலந்துவிடும். சவர்க்காரம் இடலாகாது. மிதக்கும் படலத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, அத்துணியைக் கழிவெண்ணெய்க் கானுடன் வைக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, நீரைச் சோதிப்பித்து முடிவு அறியும்வரை அக்கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.