மூழ்கிய மோட்டாருக்கு மறுபடியும் குளியலா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் தண்ணீர் புகுந்தது. இப்படி நீரில் மூழ்கிய மோட்டாரை வெயிலில் காயவைத்து ஓட்டலாமா? கூடாது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்! வியப்பாக இருக்கிறதா?

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ளநீரிலோ உப்புகள் கரைந்துள்ளன. நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. அது கம்பிச்சுருளின் மின்காப்பில் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் கசிய வழிவிடும். அதனால்தான் கழுவுகிறோம்.

அடுத்து, உலர்த்துதல். 100° செல்சியசுக்குக் கீழேயே மெல்லச் சூடாக்க வேண்டும். மீறினால், உள்ளே சிக்கிய நீர் கொதித்து, நீராவி மின்காப்பைப் பிளந்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கை சொல்லாது, 'மெக்கர்' சொல்லும். சுருளுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்து மின்தடையை அளக்கும் கருவி இது. 415 வோல்ட் மோட்டாருக்குக் குறைந்தது 1 மெகாஓம், அதாவது 10 லட்சம் ஓம் இருக்க வேண்டும்.

அது 5,000 ஓமாகக் குறைந்து, எர்த் கம்பியும் அறுந்திருந்தால்? ஓம் விதியைப் பயன்படுத்துவோம். உடலின் தடை சுமார் 1,000 ஓம், கூட்டினால் 6,000. கட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையே 240 வோல்ட். எனவே தொடுபவர் உடலில் பாய்வது 240 ÷ 6,000 = 0.04 ஆம்பியர். உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இது!

உங்கள் வீட்டுப் பம்புசெட் மூழ்கினாலும் இதே விதிதான். சுவிட்சைத் தொடாதீர்கள், மின்பணியாளரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.