பனியன் கம்பெனியில் நெட் போய்விட்டதா?

சரக்கு வண்டியில் ஏறியாச்சு, இ-வே பில் மட்டும் போட முடியவில்லை. திருப்பூரில் கேட்காத புலம்பலா?

1. ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. புகார்தான் வழி (பிஎஸ்என்எல்: 1800-4444). டாக்கெட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு அதைத்தான் கேட்பார்கள்.

2. மோடத்தை ஓவர்லாக், பவர் டேபிள் பக்கம் வைக்காதீர்கள். பஞ்சு துளைகளை அடைத்துச் சூடேற்றும்.

3. கேபிளை மடக்கிக் கட்டாதீர்கள். உள்ளே கண்ணாடி இழை.

4. இரண்டாவது கனெக்‌ஷனா? வேறு வழியாக வருகிறதா என்று கேளுங்கள். ஒரே கம்பம் என்றால் இரண்டும் சேர்ந்தே அறுபடும். அந்தக் காசுக்குச் செல்போன் ஹாட்ஸ்பாட்டே மேல்.

5. மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் போடுங்கள். கரண்ட் போனாலும் லேப்டாப்பில் பில் போடலாம்.