காரை மேம்படுத்தும் முன்: ஸ்பிரிங்கும் பிரேக்கும் பற்றி ஒரு பாடம்

சென்ற பொங்கல் விழாவில், பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் என்னிடம் வந்தான். "மாமா, நீங்க வண்டி லைன்ல இருந்தவராமே. ஒரு யோசனை கேக்கணும்" என்றான். 6 வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். அதில் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், 17 அங்குல அலாய் வீல், துளை போட்ட பிரேக் டிஸ்க்.

"இதெல்லாம் போட்டா வளைவுல வண்டி ஆடாது, பிரேக்கும் சட்டுனு பிடிக்கும், இல்லையா மாமா?"

"எந்த ரோட்டுல ஓட்டப்போறே?" என்று கேட்டேன்.

"தினமும் ஹிஞ்சவாடி. லீவுக்கு சேலம். அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் வருவாங்க."

சேலம் என்றதும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. சிஞ்ச்வாடில் ஒரு தொழிற்சாலையின் வாகனப் பராமரிப்புப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இருந்தும், அந்தப் பையன் எழுதி வைத்திருந்த அதே மாதிரிப் பட்டியலை ஒரு காலத்தில் நானும் எழுதியவன்தான். அவனுக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

1996 மே மாதம். மனைவி, இரண்டு குழந்தைகள், என் தாயார் ஆகியோருடன் புனேயிலிருந்து சேலத்துக்குக் காரில் புறப்பட்டேன். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் பயணம். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்கிறது என்று பின் ஸ்பிரிங்குகளின் சுற்றுகளுக்கிடையே ரப்பர் கட்டைகள் செருகியிருந்தேன். அகலமான டயரும் போட்டிருந்தேன். வண்டி மேடு பள்ளத்தில் அசையாமல் போவதைப் பார்த்து எனக்குப் பெருமை. பிரேக்கை மட்டும் தொடவில்லை. அது நன்றாகத்தானே பிடிக்கிறது என்ற நினைப்பு.

தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்கினேன். முன்னால் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் நான்காவது கியரிலேயே, பிரேக்கில் கால் வைத்தபடி இறங்கினேன். "ஏதோ கருகுற வாசனை வருதே" என்றாள் மனைவி. அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அதற்கடுத்த வளைவில் தரையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து, கை பிரேக்கையும் இழுத்து, சாலையோரத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். பின் ஸீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று. பின்னால் வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து பார்த்தார். "சார், பிரேக் ஆயில் கொதிச்சிருக்கும். ஆற விடுங்க. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்லதான் இறங்கணும்" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் பெடல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சேலத்தில் பிரித்துப் பார்த்த மெக்கானிக், எதுவும் உடையவில்லை, ஒழுகவும் இல்லை என்றார். பிரேக் ஆயில் மட்டும் கறுத்துப் போயிருந்தது. வண்டி வாங்கியதிலிருந்து நான் அதை மாற்றியதே இல்லை.

தரையைத் தொடுவது டயர்தான்

எந்தக் காரானாலும் தரையைத் தொடுவது நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் தொடுகிறது. திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பால்தான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக் எல்லாம் அந்தப் பிடிப்பைச் சரியாகப் பயன்படுத்த உதவும் கருவிகள். இல்லாத பிடிப்பை அவற்றால் உண்டாக்க முடியாது.

ஆகவே முதல் செலவு டயருக்கு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 1219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று கொள்ள வேண்டும். மழைக் காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

பெரிய அலாய் வீல் பார்வைக்கு அழகுதான். ஆனால் வீல் கனமானால் ஒவ்வொரு குழியிலும் அந்தக் கனத்தை ஸ்பிரிங்கும் ஷாக்கும் அடக்க வேண்டும். டயரின் சுவர் உயரம் குறைவதால் நம் சாலைக் குழிகளில் ரிம் அடிபடும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும்

இவ்விரண்டின் வேலையும் ஒன்றே என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது, குழியின் அதிர்ச்சியை வாங்கிச் சேமிக்கிறது. சேமித்ததைத் திருப்பித் தரும்போது வண்டி ஊஞ்சல்போல் ஆடாமல், அந்த ஆற்றலை எண்ணெய் வழியே வெப்பமாக்கி அடக்குவது ஷாக். ஷாக் தளர்ந்தால் டயர் தரையில் நிலையாக அழுந்தாமல் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு ஏது?

வீட்டிலேயே சோதிக்கலாம். காரின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. ஷாக்கின் உடலில் எண்ணெய்க் கசிவு, டயரில் ஆங்காங்கே குழிக்குழியாகத் தேய்மானம் ஆகியவையும் அடையாளங்கள். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூடவே லோயர் ஆர்ம் புஷ்களையும் பால் ஜாயிண்டையும் பார்த்து, கடைசியில் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும்.

6 வருட வண்டி வளைவில் ஆடுவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த ஷாக்கும் புஷ்ஷும்தான் காரணம். அவற்றைப் புதிதாக்கினாலே, வண்டியை மேம்படுத்திவிட்டோம் என்று தோன்றும்.

அதன் பிறகும் இறுக்கம் வேண்டுமென்றால் சற்றே கடினமான ஷாக் போடலாம். தாழ்த்தும் ஸ்பிரிங்கில் ஓர் ஆபத்து உண்டு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியபின் ஸ்பிரிங் சுருங்க மிச்ச இடம் இருக்காது. வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் அடியில் உள்ள ரப்பர் தடுப்பில் இடித்து, அந்தச் சக்கரம் திடீரென்று பிடிப்பை இழக்கும். நம் வேகத்தடைகளில் வண்டியின் வயிறு உரசுவது தனிக்கதை.

முன்னும் பின்னும் சமநிலை வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. முன்பக்கம் மட்டும் அதிகம் இறுகினால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும். பின்பக்கம் மட்டும் இறுகினால் வால் வெளியே வீசும். நான் பின் ஸ்பிரிங்கில் செருகிய ரப்பர் கட்டைகள் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்திருக்கும். நல்லவேளை, அதைச் சோதிக்கும் சந்தர்ப்பம் வரவில்லை.

பிரேக் ஒரு வெப்ப இயந்திரம்

ஓடும் காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. வேகம் இரட்டித்தால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். உலர்ந்த தார்ச் சாலையில் நல்ல டயருடன் நிறுத்த, 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 20 மீட்டரும், 80இல் 36 மீட்டரும், 100இல் 56 மீட்டரும் தேவை. ஆபத்தைக் கண்டு நாம் கால் வைப்பதற்குள் கடந்துபோகும் தூரம் இதில் சேராது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர்!

மலை இறக்கம் இன்னும் கடுமை. நாம் அடிக்கடி மும்பைக்கு இறங்கும் கண்டாலா மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். லோனாவ்லாவிலிருந்து கொபோலிக்கு 500 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆட்களும் பெட்டிகளுமாக 1,300 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் பிரேக்கினால் மட்டுமே இறக்கினால் உண்டாகும் வெப்பம், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 12 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்கின்றன. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினின் பங்கு கூடுகிறது. லாரி டிரைவர் சொன்னதன் பொருள் இதுதான்.

வெப்பம் எல்லை மீறினால் இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். பெடல் கட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேடின் உராய்வு குறைந்துவிட்டது. பெடல் பஞ்சுபோல் இறங்கினால் ஆயில் கொதித்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 வகைக்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே நாம் மிதிக்கும் விசை குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. ஆறியதும் குமிழி மறைந்து பெடல் திரும்பிவிடும். தொப்பூரில் எனக்கு நேர்ந்தது இதுவே.

பெரிய டிஸ்க் எதற்கு?

பெரிய டிஸ்க் போட்டால் சட்டென்று நிற்கும் என்பது பொதுவான எண்ணம். சாதாரணப் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவு அழுத்தம் தர வல்லது. அதற்கு மேல் டயர்தான் எல்லை. பெரிய டிஸ்க் அதிக வெப்பத்தைத் தாங்கும், திரும்பத் திரும்பப் பிடித்தாலும் களைக்காது. ரேஸ் மைதானத்தில் அது தேவை. ஹிஞ்சவாடி சாலைக்கு வேண்டாம். துளை போட்ட டிஸ்க்கில் துளை ஓரங்களிலிருந்து விரிசல் தொடங்க வாய்ப்புண்டு.

மேலும், முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் விகிதம் வகுத்துத்தான் காரை வடிவமைக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக் பெரிதாக இருக்கும். அந்த விகிதம் கெட்டுப் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் கணக்கும் அந்தக் காரின் டயர், பிரேக் அளவுகளை வைத்தே அமைந்தது.

நமக்குப் போதுமான மேம்பாடு இவ்வளவே. நல்ல தரமான பேட். தடிமன் குறைந்திருந்தால் புதிய டிஸ்க். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெடிப்பு விட்ட ரப்பர் பிரேக் ஹோஸை மாற்றுதல். 2 ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஆயில். எந்த வகை என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே இருக்கும். ரேஸ் பேட் வேண்டாம். சூடேறினால்தான் அது பிடிக்கும், காலையில் தெருமுனை மாட்டுக்கு முன் பிடிக்காது. புதுப் பேட் போட்டதும் காலிச் சாலையில் 60லிருந்து 20 கிலோமீட்டர் வரை மிதமாக வேகத்தைக் குறைப்பதை 8, 10 முறை செய்து, பின் ஆற விட வேண்டும். அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தும்.

சட்டமும் உண்டு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே அளவு ஷாக், பேட், டயர் மாற்றுவதில் தடையில்லை. அதைத் தாண்டிய மாற்றமென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

செலவு செய்யும் வரிசை

1. டயர், காற்றழுத்தம்.
2. பிரேக் ஆயில், பேட், ஹோஸ்.
3. ஷாக், புஷ், பால் ஜாயிண்ட்.
4. வீல் அலைன்மென்ட்.
5. இவ்வளவும் செய்து 1,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் குறை தெரிந்தால் மட்டுமே மற்றவை.

அந்தப் பையன் தன் பட்டியலின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டு போனான். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு மாதம் கழித்து போன் செய்தான். "மாமா, ஷாக் ரெண்டும் கசிஞ்சிருந்துச்சு. பிரேக் ஆயில் காப்பி கலர்ல இருந்துச்சு" என்றான். அலாய் வீல் ஆசை இன்னும் விடவில்லையாம். இருக்கட்டும், வயது அப்படி.

இந்தக் கோடை விடுமுறைக்குக் காரில் ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே பானெட்டைத் திறந்து பிரேக் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யோசியுங்கள். நினைவுக்கு வரவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். தொப்பூரில் இறங்கும்போது, எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.