‘ரத்தம் கம்மி’ என்று விட்டுவிடாதே

அன்பு மருமகளுக்கு,

தாத்தாவின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவார்கள், குடலில் ஒரு துண்டை வெட்டி வயிற்றில் சிறுநீருக்கு வழி வைப்பார்கள், பிறகு வெளியே பை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருக்கிறாய். கெட்டிக்காரிதான். ஆனால் கடைசியில் போகிற போக்கில், “ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியாம், வயசாயிடுச்சுல்ல” என்று முடித்திருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் வீடுகளில் ரத்தம் கம்மியாக இருப்பதை யாரும் நோயாகவே மதிப்பதில்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் உன் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தபோது ஊரே சிவப்பணுக்களை அழிக்கும் மலேரியாவில் படுத்துக் கிடந்தது. சதுப்புக்கு வடிகால் வெட்டித்தான் அவர் அதை அடக்கினார். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் அந்தப் புழு, செருப்பில்லாமல் நடந்த தோட்டத்து மக்களை வெளிறச் செய்தது. வெளிறிய முகத்தோடு பால்மரம் வெட்டப் போனவர்களின் வழிவந்தவர்கள் நாம். அதனால்தான் ரத்தசோகையின் களைப்பு நம் கண்ணுக்கு வயதாகவோ சோம்பலாகவோ தெரிகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்விலும் மலேசியாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரத்தசோகை இருந்தது.

நீ படம் பிடித்து அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வைத்துக்கொள். ஹீமோகுளோபின் 9.6 என்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்களுக்கு 13க்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. பெரிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஆணோ பெண்ணோ 13 இருப்பது நல்லது என்று 2017இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடிச் சொன்னார்கள். ஒரே ஆப்பரேஷனில் இருவருக்கும் ஒரே அளவு ரத்தம்தான் போகும். பெண்ணின் உடலில் இருப்பதோ குறைவு.

அதே தாளில் எம்.சி.வி. 71 என்று இருப்பதைப் பார். அது சிவப்பணுவின் பருமன். 80க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். இரும்புச்சத்துக் குறைந்தாலும் சிறுக்கும், தலசீமியா மரபணு இருந்தாலும் சிறுக்கும். நாலாம் படிவத்தில் உங்கள் பள்ளிக்கு வந்து ரத்தம் எடுத்தார்களே, அது இந்தத் தலசீமியாவைத் தேடித்தான். இரண்டில் எது என்று தெரியாமல் இரும்பு மாத்திரை விழுங்கக் கூடாது. ஃபெரிட்டின் பரிசோதனை செய்தால் தெரியும். 30க்குக் கீழே இருந்தால் உடலின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. புற்றுநோயின் அழற்சி ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், தாத்தா மாதிரி நோயாளிகளுக்கு 100 வரை இருந்தாலும் டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள்.

தாத்தாவுக்கு இது எங்கிருந்து வந்தது? முதல் காரணம் வெளிப்படை. மாதக்கணக்கில் சிறுநீர் சிவந்து போனதை “உடம்பு சூடு” என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். தினமும் 10 மில்லி ரத்தம் கசிந்தாலே வரவைவிடச் செலவு அதிகம். இரண்டாவது, அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது குடல் இரும்பை உறிஞ்சுவதையும் தடுக்கும், இருக்கிற இரும்பையும் வெளியே விடாது. வீட்டில் அரிசி மூட்டை இருந்தும் ஸ்டோர் சாவி தொலைந்துபோன மாதிரி. மூன்றாவது சிறுநீரகம். சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொய்ட்டின் அங்கேதான் சுரக்கிறது. கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்துச் சிறுநீரகம் வீங்கினால் அந்தச் சுரப்பு குறையும்; பல வருடச் சர்க்கரை நோயும் அதையே செய்யும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் ஆப்பரேஷனுக்கு என்ன என்று கேட்பாய். 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இதய அறுவை அல்லாத பெரிய அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட 2,27,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தது. பத்தில் மூன்று பேருக்கு முன்பே ரத்தசோகை இருந்தது. லேசான ரத்தசோகை உள்ளவர்களிடம்கூட, முதல் 30 நாளில் மரணமும் சிக்கல்களும் மற்றவர்களைவிட அதிகம். சிறுநீர்ப்பையையோ, சிறுநீரகத்தையும் குழாயையும் சேர்த்தோ அகற்றிய புற்றுநோயாளிகளைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. ரத்தம் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதிகம், ஆயுளும் குறைவு.

இந்த இடத்தில் நீ நிதானமாக யோசிக்க வேண்டும். முற்றிய கட்டி அதிகம் ரத்தம் கசியும். அப்படியானால் கெடுதல் செய்வது ரத்தசோகையா, முற்றிய நோயா? பழைய பதிவுகளைப் புரட்டும் ஆய்வால் இதை முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தசோகையைச் சரிசெய்தால் பலன் உண்டா என்று அறிய, பிரிட்டனில் 46 மருத்துவமனைகளில், பெரிய வயிற்று அறுவைக்குக் காத்திருந்த ரத்தசோகை நோயாளிகள் 487 பேரில் ஒரு பாதிக்கு மட்டும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றிப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏறியது, ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டியதோ மரணமோ குறையவில்லை. வீட்டுக்குப் போன பின் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மட்டும் குறைவு. ஆகவே இரும்பு ஏற்றினால் புற்றுநோய் பின்வாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

பிறகு எதற்கு இந்தப் பாடு? சிறுநீர்ப்பை அகற்றுவது பல மணி நேர வேலை, ரத்தம் போகும். 9.6இல் தொடங்குகிறவருக்கும் 12இல் தொடங்குகிறவருக்கும் தாங்கும் சக்தி ஒன்றல்ல. ஒரு பை ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒன்று ஏறும், அவ்வளவுதான். ஏற்றும் ரத்தத்துக்கும் ஒவ்வாமை, நுரையீரலில் நீர் கோத்தல் என்று அதற்குரிய ஆபத்துகள் உண்டு. அது யாரோ ஒருவர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய ரத்த மையத்துக்குப் போய்ப் படுத்துக் கொடுத்த ரத்தம் என்பதையும் மறக்காதே.

அதே சமயம், ரத்தம் ஏறட்டும் என்று ஆப்பரேஷனைத் தள்ளிப்போடவும் கூடாது. தசைவரை இறங்கிய சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தால் பலன் கெடும். குறித்த தேதிக்குள் இருக்கும் வாரங்கள்தான் நமக்கு. மாத்திரை மெதுவாக வேலை செய்யும், ஹெப்சிடின் வேறு தடுக்கும். அதனால் நாள் குறைவாக இருந்தால் நரம்பு வழி இரும்பு சரிவருமா என்று டாக்டர் முடிவு செய்வார். முருங்கைக்கீரையும் ஈரலும் நல்லதுதான், ஆனால் 9.6ஐ அவை மட்டும் சில வாரத்தில் தூக்கிவிடாது. தாத்தா பிரிக்பீல்ட்ஸ் வந்தால் வாழையிலைச் சாப்பாடு முடிந்த கையோடு தே தாரேக் கேட்பாரே, அதை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல். தேயிலை இரும்பைக் குடலில் ஏறவிடாது.

அடுத்த முறை தாத்தாவோடு நீயும் போ. இந்த ரத்தசோகைக்குக் காரணம் என்ன, ஃபெரிட்டின் பார்த்தாயிற்றா, தேதிக்குள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பாட்டி தடுப்பார். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

உன் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல். இருவருமே சிகரெட்டை விடாதவர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அதைவிடப் பெரிய காரணம் கிடையாது. வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிறுநீரில் ரத்தம் வந்தாலும், அது தானாக நின்றுபோனாலும், இளநீர் வாங்காமல் நேரே அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொல். அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான்.

அன்புடன்,
மாமா
பிரிக்பீல்ட்ஸ்