மாசியில் பிடித்த வேலை ஆடியில் ஓடுமா?

பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பியவர்கள் மறுபடி கம்பெனி தேடும் நாட்கள், திருப்பூரில் தை பாதியில் தொடங்கிப் பங்குனி வரை நீளும். காலைப் பனி விலகும் நேரத்தில் அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்டில் அட்டை தொங்குகிறது. ஓவர்லாக் டைலர் தேவை, பேட்லாக் டைலர் தேவை, செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு ஆட்கள் தேவை, தங்கும் இடம் உண்டு. இந்தப் பருவத்தில் வேலை கிடைப்பது கஷ்டமில்லை. அதனாலேயே பலர் ஒரே ஒரு கேள்வியோடு தேடலை முடித்துக்கொள்கிறார்கள்: ஷிப்டுக்கு எவ்வளவு? அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். மாசியில் வேலை தேடுகிறவர், ஆடியில் அதே கம்பெனியில் வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் ஓடும் என்பதையும் விசாரித்தாக வேண்டும்.

காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது. திருப்பூரின் பலம் பருத்தி பனியன் துணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் போடுகிற டி-ஷர்ட்டைத் தீபாவளி கழிந்ததிலிருந்து பங்குனி வரை நாம் தைக்கிறோம். ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்க ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிடும். ஆகவே மாசியில் எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் நல்ல கம்பெனியாகத்தான் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கம்பெனியில் ஷிப்டுக்கு 550 ரூபாய், இன்னொன்றில் 500 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஷிப்ட். முதல் கம்பெனிக்குப் போனவருக்கு வாரம் 450 ரூபாய் கூடுதல், 16 வாரத்தில் 7,200. கோடைச் சரக்கு போனபின் அந்தக் கம்பெனி வாரம் நான்கு நாள், ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டினால் வாரச் சம்பளம் 2,200. ஆறு நாளும் ஒரு ஷிப்ட் ஓட்டுகிற மற்ற கம்பெனியில் 3,000. மூன்று மாதம், அதாவது 12 வாரத்தில், 9,600 ரூபாய் குறைந்துவிடும். அதிக ரேட்டுக்குப் போனவர் கடைசியில் 2,400 ரூபாய் குறைவாகச் சம்பாதித்திருப்பார்.

இந்த மந்தம் ஆண்டுதோறும் ஒரே மாதிரி வருவதில்லை. சில ஆண்டுகளில் நினைக்காத பக்கத்திலிருந்தும் வரும். 2011 ஜனவரி கடைசியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளும் பிளீச்சிங் யூனிட்டுகளும் மூடப்பட்டபோது, ஊர் முழுக்க ஆள் தேடுகிற பருவம்தான் நடந்துகொண்டிருந்தது. ஆர்டர் கையில் இருந்தது, மிஷின் இருந்தது, டைலரும் இருந்தார். சாயம் போட்ட துணிதான் வரவில்லை. வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்க வழி வைத்திருந்தவர்கள் ஓரளவு ஓட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அடி வேறு மாதிரி விழுந்தது. அமெரிக்க பையரை மட்டுமே நம்பியிருந்த இடங்களில் ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் தைக்கிறவர்களுக்கு அந்த அளவு நடுக்கம் இல்லை. இந்த இரண்டையும் மாசி மாத ஷிப்ட் ரேட்டை வைத்து யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. சரக்கு எங்கே போகிறது, துணி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் ஓரளவு முடிந்திருக்கும்.

“டைலர் போய் முதலாளியிடம் பையர் யார் என்று கேட்க முடியுமா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதே இல்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம். சேருமுன் ட்ரையலுக்கு மிஷினில் உட்கார வைப்பார்கள். இரண்டு பீஸ் தைத்துக் காட்டிவிட்டு உடனே எழுந்து வராமல், பேக்கிங் பக்கம் ஒரு பார்வை ஓட்டுங்கள். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் எந்த நாட்டுக்கு, எந்தத் துறைமுகத்துக்கு என்று பெரும்பாலும் அச்சடித்திருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே பெயர் இருந்தால் அந்தக் கம்பெனி ஒரே கடைக்காரரை நம்பியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். உள்பக்கத் தையலில் வைக்கிற வாஷ் கேர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நாலைந்து மொழி இருந்தால் பெரும்பாலும் ஐரோப்பியச் சரக்கு. கட்டிங் மேசையருகே கட்டுப் போட்ட பண்டல்கள் எத்தனை நாளுக்குத் தாங்கும், துணி ரோல் இன்னும் இறங்குகிறதா என்பதும் அனுபவமுள்ள டைலருக்குச் சட்டென்று பிடிபடும். நம் ஊர் பிராண்டுகளின் தீபாவளிச் சரக்கையும் சேர்த்து எடுக்கிற கம்பெனியாக இருந்தால், ஏற்றுமதி மந்தமான ஆடியில் அது கைகொடுக்கும். இத்தனைக்கும் மேலே நம்பகமான தகவல் டீக்கடையில் கிடைக்கும். டீ டைமில் வெளியே வருகிற செக்கிங் அக்காவிடம், “ஏனுங்க்கா, போன ஆடியில வாரம் எத்தன நாள் ஓடுச்சுங்க?” என்று கேட்டால் சூப்பர்வைசர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு வலுவாகப் படுவது ஒன்று உண்டு. கம்பெனி மாறுவதுதான் டைலருக்கு இருக்கிற ஒரே பேர பலம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சங்க ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பதைவிட, ஆள் பற்றாக்குறையான மாசியில் எதிர் கம்பெனிக்குப் போய் ரேட்டை ஏற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது அது. மறுக்க மாட்டேன். மார்ச்சில் ஹோலிக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பும் வாரங்களில் அந்தப் பலம் இன்னும் கூடும். நான் சொல்வது அந்தப் பலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பற்றித்தான். ஆள் கிடைக்காமல் தவிக்கும் சூப்பர்வைசரிடம் 20 ரூபாய் ஏற்றிக் கேட்கிற வாய்ப்பு இருக்கும்போதே, முதல் வாரத்திலிருந்து ஈஎஸ்ஐ, பிஎஃப் வேண்டும் என்றும் கேட்டுவிட வேண்டும். ஆடியில் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கையில் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் இங்கே ஏராளம். வாடகை, வட்டி, பள்ளிக்கூடச் செலவு என்று நெருக்கடியில் இருப்பவரை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி தரும் ஈஎஸ்ஐ பங்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம், 390 ரூபாய் போடுகிறது. இந்தப் பருவத்தில் தேடுபவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இன்னொன்று. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான், ஜூலை முதல் டிசம்பர் வரை உடம்புக்கு முடியாமல் லீவு எடுக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்த உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன நாட்கள் ஏற்கெனவே கழிந்திருக்கும். மிச்சமிருக்கிற பிப்ரவரி, மார்ச்சில் ஈஎஸ்ஐ இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டில் ரொக்கத்துக்குத் தைத்தால் 78 நாள் எட்டாமல் போகலாம். அதன் வலி ஆடியிலும் ஐப்பசியிலும்தான் தெரியும். கடன் நெருக்கடியில் ரொக்க வேலைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், அதுவரை சேர்ந்த நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குழந்தையை விட்டு நகர முடியாத பெண்கள் வீட்டருகே பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பது வேறு விஷயம். நேரம் அவர்கள் கையில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை அவர்கள்தான் போட வேண்டும். மெர்ச்சண்டைசர் போன்ற ஆபீஸ் வேலைக்காரர்களுக்கு நான் சொல்வது சுருக்கம்: ஷிப்மென்ட் நடுவே விட்டுவிட்டுப் போகாதீர்கள், பேர் கெட்டால் இந்தச் சின்ன ஊரில் அடுத்த கம்பெனிக்குள் நீங்கள் நுழையுமுன் அது நுழைந்திருக்கும்.

பழைய கம்பெனியை விட்டு வரும்போது செய்ய வேண்டிய இரண்டு காரியங்களைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். போன தீபாவளியிலிருந்து அங்கே வேலை செய்த மாதங்களுக்குப் போனஸ் எப்படிக் கணக்கிடுவார்கள் என்று, கடைசிச் சனிக்கிழமை சம்பளம் வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். மேனேஜர் சொன்னதைச் சம்பளச் சீட்டின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். இரண்டாவது பிஎஃப். யுஏஎன் எண் கம்பெனி மாறினாலும் மாறாது. புதுக் கம்பெனியில் அதே எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் பென்ஷனுக்கு வேண்டிய 10 ஆண்டு சர்வீஸ் விட்டுப்போகாது. விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் விட்டால் மாற்றும் வேலை அங்கேயே நின்றுவிடும். இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை உறுப்பினரே பிஎஃப் இணையதளத்தில் பதியலாம். ஆதாரில் இணைத்த செல் நம்பர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குப் போய் சிம்மை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் முதலில் அதைச் சரிபண்ணிவிட்டு வேலை தேடக் கிளம்பலாம்.